வால்தம்ஸ்டோவிலிருந்து புறப்பட்ட வள்ளம்

1987ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை, லண்டன் வால்தம்ஸ்டோவில் தவநாயகியின் அறைச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்திலிருந்து வள்ளம் வேலைக்குப் போய்விட்டது. சட்டத்துக்குள் கடல் மட்டும் இருந்தது. அன்று பனி கொட்டியதால் பஸ்களும் ஒழுங்காக ஓடவில்லை.

முந்தின கோடையில், அவள் வேலை செய்த சலவைக்கூடத்தார் சவுத்எண்ட் கடற்கரைக்குச் சுற்றுலா போனபோது, வழியில் கழிவறைக்காகக் கோச் நின்ற சிறு துறையில் அந்த வள்ளத்தைக் கண்டாள். மட்டி அள்ளும் வள்ளம். துருவேறிய விலாவும் பக்கத்தில் தொங்கிய பழைய டயர்களும் தவிர, அதில் அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வல்வெட்டித்துறையில் வள்ளங்களுக்கு நடுவே பிறந்தவளின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கதவுக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றால் பலகையொன்றில் ஐந்து மாதம் வரைந்தாள். கணவன் பாலேந்திரா விசா கிடைக்காமல் ஊரில் நின்றான். கையைச் சும்மா வைத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பொங்கலன்று, ஊரில் புது வள்ளத்துக்குச் செய்கிறபடியே, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தாள். பழக்கதோஷம். அப்படிச் செய்த வள்ளம் கரையில் நிற்காது என்பது அந்த நேரம் அவளுக்கு உறைக்கவில்லை.

முதலில் அது மாலையில் திரும்பியது. கார்ப்பெட்டில் மட்டி ஓடு கிடக்கும். பிறகு வாரக்கணக்கில் வராது. ஒருமுறை இலங்கைத் தீப்பெட்டி ஒன்று கிடந்தது. அதன் பிறகு தவநாயகிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ச் சட்டத்தைப் பார்ப்பாள். மூன்று முறை ஷிப்ட் மாற்றினாள். ஹோட்டல் விரிப்புகளைத் தீய்த்துத் திட்டு வாங்கினாள். 1991 ஆவணியில் பாலேந்திரா இடுப்பில் நனைந்த சாரத்தோடு கார்ப்பெட்டில் வந்து இறங்கி, "தேத்தண்ணி இருக்கே?" என்றான். ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அவள் அழுதாள். எப்படி நாட்டுக்குள் வந்தார் என்று வழக்கறிஞர் கேட்டதற்கு, "வள்ளத்திலை" என்றாள். படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

இனியாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று, வள்ளத்துக்கு நங்கூரமும் கயிறும் வரையப் பெயின்ற் குழைத்தாள். அப்போது கீழ்வீட்டுப் பிலோமினம்மா மகனின் படத்தோடு படியேறி வந்தார்.

"கட்டிப்போடாதை பிள்ளை. என்ரை மகன் மன்னாரிலை நிக்கிறான்."

"நாலு வருசம் பட்டது போதுமப்பா, கட்டும்," என்றான் பாலேந்திரா மனைவியிடம்.

தவநாயகி படத்தைப் பார்த்தாள். இருபது வயதிருக்கும். மீசை சரியாக முளைக்கவில்லை. தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"தாங்கோ அம்மா. தேங்காய் ஒண்டும் வேணும்."

அடுத்த நாள் காலை சட்டத்துக்குள் கடல் மட்டும் இருந்தது. தவநாயகி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்த்தாள். பாலேந்திரா அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்தான்.