கரண்ட் போனால் சூரியனும் போகும்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கார்களை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். மொட்டைமாடியில் சோலார் போடுவதா வேண்டாமா என்று வீட்டுக்காரர்கள் அன்று காலையே முடிவெடுக்க வேண்டும். போடுவோம் என்றால் மிதுனாவின் வேலை நிரந்தரமாகும். சோலார் கம்பனி முதலாளி சுகிர்தன் வரும் வழியிலேயே அதைச் சொல்லிவிட்டார். முகத்துவாரத்தில் அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். மாதச் சம்பளம் என்ற ஒன்றை அந்த வீடு அவளால்தான் கண்டது.

திரையில் உலகம் ஓடியது. கடலுக்குள் நட்ட காற்றாலைகள், பெரிய நீர்மின் அணைகள், பாலைவனம் நிறையக் கண்ணாடிப் பலகைகள். உலகத்து மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போது இப்படித்தான் வருகிறது என்று மிதுனா சொன்னாள். சொல்லும்போதே மனதுக்குள் திருத்திக்கொண்டாள். மின்சாரத்தில் மட்டும்தானே. லொறியும் விமானமும் இன்னும் எண்ணெயைத்தான் குடிக்கின்றன. அப்பா மூட்டை இறக்குகிற துறைமுகத்தில் கப்பல்கள் கக்கும் கரி, அம்மா காயப்போடும் துணியில்தான் வந்து படிகிறது. அவர்களுடைய தகரக் கூரையிலும் வெயில் கொளுத்தத்தான் செய்கிறது. ஆனால் காணி உறுதிப் பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. உறுதி இல்லாத கூரைக்கு எவன் சோலார் பூட்டுவான்? அந்தக் கூரையின் படம் சுகிர்தனின் திரையில் கிடையாது.

வீட்டுக்காரர் சங்கத் தலைவர் நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். வங்கி மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"பிள்ளை, உலகத்தை விடும். எங்கட லிப்ட் ஓடுமோ?"

"பகல்ல லிப்டுக்கும் தண்ணி மோட்டருக்கும் தாராளமாக் காணும் அங்கிள்."

"அவர் முதலாம் மாடிக்கே லிப்டிலதான் போறவர்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. சிரித்தார்கள்.

நான்காம் மாடி ஜெஸீமா எழுந்தாள். "எனக்கு லிப்ட் வேணாம் புள்ள. எங்கட மனிசன் ஒட்சிசன் மெஷின்லதான் ஈக்காரு. கரண்ட் போனா எனக்குத்தான் மூச்சு நிக்கிது. இதப் போட்டா அந்தப் பயம் ஈக்காதுதானே? அதுக்குத்தான் வீடுவீடாப் போய் எல்லாரையும் சேத்தேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெயில் இருக்கும்போது கரண்ட் எப்படிப் போகும்? அங்கிருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மிதுனாவும் சேர்ந்து தலையாட்டினால் போதும்.

"கட்டாயம் அன்டி, எங்கட சிஸ்டத்தில..." என்று சுகிர்தன் தொடங்கினார்.

"இல்ல," என்றாள் மிதுனா. "லைன்ல கரண்ட் போனா இதுவும் தானா நிண்டுடும், வெயில் கொளுத்தினாலும். நிக்காட்டி, இதில வாற கரண்ட் லைனுக்குப் போய், கம்பத்தில ஏறித் திருத்துற ஆளுக்கு ஷொக் அடிக்கும். பற்றரி இல்லாத இந்த மாதிரி சோலார் எந்த நாட்டிலயும் அப்பிடித்தான்."

"அப்ப உந்தச் சோலாரை ஏன் நாங்கள் தலையில வைக்கிறது?" என்றார் நாகேந்திரம்.

"பிறகு பற்றரி சேக்கலாம் சேர்," என்றார் சுகிர்தன்.

"பிறகு எண்டா எப்ப எண்டு கேளுங்க," என்றாள் மிதுனா. பிறகு ஜெஸீமாவைப் பார்த்தாள். "அன்டி, முழுத் தொடர்மாடிக்கும் பற்றரி போடுற செலவுக்கு இந்த வீட்டுக்காரங்க ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டாங்க. அந்த மெஷினுக்கு மட்டும் எண்டா ஒரு பற்றரியும் இன்வேர்ட்டரும் போதும். சோலாரே தேவையில்ல. புறக்கோட்டைக் கடையில வாங்கலாம்."

ஜெஸீமா மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப நான்தான் எல்லாருக்கும் பொய் செல்லீக்கேன்."

நாகேந்திரம் கூட்டத்தை ஒத்திவைத்தார். சுகிர்தன் திரையைச் சுருட்டிக் காரில் எறிந்தார். "நீ பஸ்ல போ," என்றார். "நாளைக்கு வரவும் தேவையில்ல."

வாசலில் ஜெஸீமா அவள் கையைப் பிடித்தாள். "மேல வா புள்ள. மெஷினப் பாத்துட்டு என்ன வாங்கணும்டு செல்லு."

ஜெஸீமாவின் கணவர் ஹமீட் கடல் பக்க ஜன்னலோரம், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"வெயில்ல இருந்து கரண்ட் வருமாமே மகள்?"

"வரும் அங்கிள். நீங்க கேக்கிற நேரம் வராது."

மிதுனா குனிந்து மெஷினின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தாள். "இதுக்கு ஒரு பற்றரி போதும். ஆனா கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கவேணும் எண்டு சொல்லுங்க. அதை வச்சுத்தான் எடுக்கலாம்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுவரை அதை யாரும் கேட்டதில்லை.

"ராவைக்கு இவரு படுத்து எழும்புற வரைக்கும்," என்றாள் ஜெஸீமா.