ஷெமியிடம் இருந்த புத்தகம்

...இல்லை, அவளிடம் போய்க் கேட்பதற்குப் பதில் ஆராய்ச்சியையே விட்டுவிடலாம் என்று நினைத்தபடியேதான் ஜானவி லைப்ரரிப் படிகளில் இறங்கினாள், கெல்டிக் மொழிகளின் வரலாறு பற்றி இங்கே உருப்படியாக இருப்பது ஒரே ஒரு புத்தகம், அது ஷெமி டீச்சரிடம் இருக்கிறதாம், வேறெங்கே போகும், எல்லாம் அவளிடம்தானே போகிறது, முதலில் வேலை, பிறகு கைடின் நம்பிக்கை, இப்போது புத்தகமும்... கூடப் படித்தவள், கிழக்கேகோட்டையில் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே பொட்டலத்தில் கடலை தின்றவள், அவளேதான் கைடு ஹரிநாராயணன் சாரிடம் போய், ஜானவியின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இணையத்தில் பொறுக்கியது என்று சொல்லியிருக்கிறாள். பொறுக்கியதுதான். வேறெங்கே போவது? ஐரிஷ், வெல்ஷ், ஒரு காலத்தில் பிரான்சில் பேசப்பட்டுச் செத்துப்போன கோலிஷ், எதைத் தேடினாலும் வருவது பச்சை குத்திக்கொள்ள வாசகம், மந்திரக் கதைகள், நடுவே எந்த மொழி எதிலிருந்து பிரிந்தது என்று அழகாக ஒரு கிளைப்படம், யார் வரைந்தது என்றே இல்லாமல். அதைத்தான் ஜானவி எடுத்துப் போட்டாள். நல்ல மூலங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சார் சொன்னபோது ஷெமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன இருந்தது ஜன்னலில்? கோலிஷில் மிஞ்சிய நீளமான எழுத்துகளில் ஒன்று ஏதோ பில்லிசூனியமாம், ஒரு கல்லறையில், ஈயத்தகட்டில், பெண்களின் பெயர்களை வரிசையாகக் கீறி... இவள் பெயரையும் கீறலாம், ஈயம்தான் கையில் இல்லை.

ஷெமி தன் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், மேஜை ஓரத்தில் அந்தப் புத்தகம், குழம்புக்குப் பக்கத்திலா வைப்பாள் ஒருத்தி?

“அந்தப் புஸ்தகம் எனக்கு வேணும்,” என்றாள் ஜானவி, உட்காராமலே. “சார்ட்ட போட்டுக்குடுத்தது நீதானே?”

“ஆமா, நாந்தான்.” ஷெமி இடக்கையால் புத்தகத்தைத் தள்ளினாள். “கோலிஷும் வெல்ஷும் ஒரே கிளைன்னு, என்னவோ முடிஞ்சுபோன காரியம் மாதிரி எழுதியிருக்க. அது இன்னும் தீராத வழக்காக்கும், கேட்டியா. பதினொண்ணாம் அடிக்குறிப்பும் தப்பு.”

“எங்கிட்ட சொல்லப்படாதா?”

“நீ என் போன எடுத்தாத்தானே!”

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றே புரட்டினாள், தப்பு இருக்கவேண்டும், ஷெமி சொன்னதில் ஒரு சின்னத் தப்பாவது... இல்லை. ஐரிஷுக்குத்தான் வெல்ஷ் நெருக்கம் என்று ஒரு கட்சி, கோலிஷுக்குத்தான் என்று இன்னொரு கட்சி, இரண்டும் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன, தான் எடுத்துப் போட்ட படத்தில் சண்டையே இல்லை. சரியாகச் சொல்லியிருக்கிறாள் பாவி, அதனாலேயே இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பதினொன்றாம் அடிக்குறிப்பு எது? எழுதிய தனக்கே நினைவில்லை. சார் புரட்டியிருக்கவே மாட்டார், கொடுத்த தாள்கள் மடிப்புக்கூட விழாமல் திரும்பி வந்தன, வீட்டில் அம்மாவுக்குத் தலைப்பே வாயில் நுழையாது... அவ்வளவு தூரம், அந்தப் பொடி எழுத்து வரைக்கும், விடாமல் படித்தது இந்த ராட்சசி ஒருத்திதானா? அப்படியானால் இத்தனை நாள் ஜானவி இதை யாருக்கு எழுதினாள், இனி உட்கார்ந்து திருத்தப்போவதும் யார் கண்ணில் படவேண்டும் என்று...