வாய்ப்பழக்கம்

என் வீட்டுக்காரர் ஜெகதீசனுக்கு வாயில்தான் சனி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை. அங்கே பெரிய அதிகாரி யார் வந்து நின்றாலும், எதற்கு வந்தார் என்று தெரிவதற்கு முன்பே "சாரி சார், மை மிஸ்டேக் சார்" என்று சொல்லிவிட வேண்டும். அதிகாரி அடங்கிவிடுவார். தப்பு யாருடையதானாலும் அதுதான் அங்கே வணக்கம். புதிதாகச் சேருகிறவனுக்கு மேஸ்திரி முதலில் சொல்லித் தருவதே அதைத்தான்.

போன வாரம் கன்டெய்னர் மேலே இறங்கி பெனிட்டோ செத்துப்போனான். அதே யார்டில் வேலை, காலடிப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். நிறுத்தச் சொல்லி இவர் கை காட்டியிருக்கிறார். கிரேன் நிற்கவில்லை. அதில் பிரேக் சரியில்லை என்பது யார்டு முழுக்கத் தெரியும்.

விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சொல்லிப் புரியவைக்க ஆள் இருந்தும் இவருக்குத் திமிர், தானே இங்கிலீஷில் பேசப் போனார். "சாரி சார், மை மிஸ்டேக் சார்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை, பாவி மனுஷனுக்கு. அதிகாரி அதைப் போனில் பதிவு செய்துகொண்டார். அது எப்படியோ யார்டு ஆட்கள் கைக்கு வந்து, பெனிட்டோ மனைவி ஐரீனுடைய போனுக்கும் போய்விட்டது.

அன்றிலிருந்து எங்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். நான் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் அவள் வீட்டுக்குத்தான் போகும். இவருக்கு வேலை போனால் போகட்டும், அவள் ஒருத்தி நம்பினால் போதும் என்று கிடந்து தவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "நிறுத்த சொல்லி கை காட்னேன், அது நிக்கல. இத்த மட்டும் சொல்லு. வேற இன்னாவும் பேசாத." பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அழைத்துப் போனேன்.

நான் கெஞ்சிக் கேட்டதில் ஐரீன் கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. இவரை மட்டும் பார்த்தாள்.

"இன்னா நடந்துச்சுன்னு நீயே சொல்லுண்ணா. நீ சொன்னா நம்புறேன்."

அந்தப் பார்வைக்கு முன்னால் இவர் கைகட்டி நின்றார்.

"சாரிம்மா. மை மிஸ்டேக்."

தமிழில் சொல்லய்யா என்று இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அதான் போன்லயும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஐரீன் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அப்புறம்தான் இவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். மூடிய கதவுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்து உயர்த்தி, நிறுத்து நிறுத்து என்று காட்டிக்கொண்டே நின்றார்.