வேண்டாத பனி

அடுப்பங்கரை ஜன்னலைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள் கினுவே.

டோகாச்சிச் சமவெளி முழுக்க வெள்ளை. அதில் பக்கத்து வயல்காரன் ஷிகெமியின் டிராக்டர் பனியைப் பிளந்து, கறுப்பு மண்ணைத் திறந்துகொண்டு வந்தது. வருஷா வருஷம் நடப்பதுதான். அவன் வயலில் அறுவடைக்குத் தப்பிய உருளைக்கிழங்கு பனிப் போர்வைக்குள் சுகமாகத் தூங்கிவிட்டு, வசந்தத்தில் களையாக முளைக்கும். போர்வையை உருவினால் உறைந்து சாகும்.

ஆனால் இப்போது டிராக்டர் ஓடியது கினுவேயின் வயலில்! அங்கே மண்ணுக்குள் இருந்தது, வசந்தத்தில் தோண்ட அவள் விட்டுவைத்த நாகாஇமோ என்ற நீள வள்ளிக்கிழங்கு. உறைந்தால் அத்தனையும் அழுகல். அவளுக்கு வேறு வரும்படி கிடையாது.

பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"ஷிகெமி, யார் வயல்ல ஓட்டுறப்பா?"

இறங்கிப் பார்த்தவன் முகம் வெளுத்தது. எல்லைக்கு நட்ட மூங்கில், புயலில் முறிந்து பனிக்குள் புதைந்து கிடந்தது. பாதி வயலைத் திறந்துவிட்டிருந்தான்.

"அக்கா, நான் வந்து..."

"அழுகையெல்லாம் அப்புறம். ராத்திரி மைனஸ் இருபத்தஞ்சாம். பனி வீசுற மிஷினக் கொண்டா. உன் வயலுக்கு வேண்டாத பனிதான் எனக்கு வேணும்."

"மாமனார்கிட்டயும் ஒண்ணு இருக்கு. திட்டுவாரு."

"திட்டிக்கிட்டே ஓட்டச் சொல்லு."

மாமனார் கென்சாகு அப்படித்தான் வந்தார். "மாப்பிள்ளைக்குக் கண்ணு சரியில்லன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டா?"

"கண்ணு நல்லாருந்தா உங்க பொண்ணக் கட்டியிருப்பேனா, மாமா?"

கினுவே அந்தக் கலவரத்திலும் சிரித்துவிட்டாள்.

இரண்டு மிஷின்களும் உருளைக்கிழங்கு வயலிலிருந்து பனியை அள்ளி வில்லாக வீசின. "மேல ஏறி மிதிக்காதீங்க. நசுங்குன பனி குளிரத் தடுக்காது," என்று கத்தியபடியே அவளும் மண்வெட்டியால் வாரிப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் வயலைப் பனி முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு மாதிரி மூடியது. சாலையோரத்துக்கு மட்டும் மிஷின் வீச்சு எட்டவில்லை. அங்கே பனி மெல்லிசு.

ஏப்ரலில் மூவரும் சேர்ந்து தோண்டினார்கள். சாலையோரத்து வரிசை கூழாகிக் கிடந்தது. ஷிகெமி தலையைக் குனிந்துகொண்டான். கினுவே நடுவயலுக்குப் போய்க் குழி வெட்டினாள்.

கை நீளக் கிழங்கு, கீறல்கூட இல்லாமல் வந்தது. அடுத்ததும் அப்படியே.

முதலில் வந்ததைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்குப் போய், துருவி, கொழகொழவென்று வந்த விழுதைச் சுடுசோற்றில் ஊற்றி, மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தாள்.

"முதல் கிழங்கு சாமிக்குத்தானேக்கா?"

"சாமி கோவிச்சுக்காது. போர்த்திவிட்டவங்க முதல்ல சாப்பிடுங்க."