ஐந்து முகங்களும் அண்ணியும்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியிடம் கேட்டு வாங்கியது. அண்ணி பேருந்து ஓட்டுநர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் பார்த்து மீண்டவர். "எழுதிக்கோ தம்பி. ஆனா எனக்காக யாரையும் அழ வைக்காதே" என்றார்.

அதனால் என் முதல் தொடக்கம் போயிற்று:

மருத்துவமனையின் வெள்ளைச் சுவரை வெறித்தபடி அவர்...

(சுவர் பச்சையாம். அவர் வெறிக்கவில்லையாம், தூங்கினாராம்.)

இரண்டாவது:

உள்ளங்கைக்குள் அடங்கிய அந்த ஒளிச்சதுரம்...

(கைப்பேசியைத்தான் அப்படிச் சொன்னேன். நானே அடித்துவிட்டேன். கூச்சமாக இருந்தது.)

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்ததும் எல்லோரும் வாழ்த்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அண்ணிக்கு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. அண்ணன் பாசத்தில் சமையலறை மேல்தட்டுச் சாமான்களையெல்லாம் கீழே இறக்கி வைத்தார். பணிமனை மேலாளர், இனி அலுவலக நாற்காலியிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணிக்கோ உயிரோடு ஓரங்கட்டியதுபோல் இருந்தது. உடல்தகுதிச் சோதனையில் தேறினால்தான் மறுபடி பேருந்து.

மருத்துவமனையில் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் உடம்பு எப்படி என்று அது கேட்கும். அழுமூஞ்சி முதல் சிரித்த முகம் வரை ஐந்து முகங்கள். ஒன்றைத் தொட்டால் அன்றைக்கு ஏற்ற நடையும் பயிற்சியும் வரும். அண்ணி தவறாமல் சிரித்த முகத்தையே தொட்டார். செயலியும் நம்பிப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனது. ஒரு நாள் குளியலறை வாசலில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார்.

(செயலியை வில்லனாக்க ஆசைதான். ஆனால் பொய் சொன்னது அண்ணி.)

3

செயலிக்குப் பின்னால் ஒரு மனுஷி இருந்தார், மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். அவரே கைப்பேசியில் அழைத்தார்.

"தினமும் சிரிச்ச முகமாவே வருது. எனக்கே அப்படி ஒரு வாரம் வாய்ச்சதில்ல. நிஜமா எப்படி இருக்கீங்க?"

அண்ணி சொன்னார்: "சோர்வுன்னு தொட்டா, நோய் திரும்பி வந்துட்டதா ஆயிடுமோன்னு பயம்."

பக்கத்து அறையில் இருந்த அண்ணன் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

(அழ வைக்காதே என்ற நிபந்தனையை மீறுகிறேனா என்று கேட்டேன். "அது நடந்தது, இருக்கட்டும்" என்றார் அண்ணி.)

சிகிச்சைக்குப் பின் இந்தச் சோர்வு பலருக்கும் உண்டு, உண்மையைச் சொன்னால்தான் பயிற்சியை அளவாகத் தர முடியும் என்று அந்த அம்மா விளக்கினார். மறுநாள் அண்ணி நடு முகத்தைத் தொட்டார். சின்னச் சின்னப் பயிற்சிகள் வந்தன. விரல்களைச் சுவரில் மெல்ல ஏறவிடுவது, தெருமுனைவரை நடப்பது. அண்ணனும் கூடவே நடந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

பேருந்து ஓட்டுநருக்கென்று செயலியில் ஒன்றும் இல்லை. அண்ணி ஒரு பெரிய பாத்திர மூடியை இரு கையாலும் ஸ்டியரிங் போலத் திருப்பிக் காணொளி எடுத்து, தனக்கு இதுதான் வேண்டும் என்று அனுப்பினார். பிசியோதெரபிஸ்ட் முழங்கையைத் திருத்திச் சேர்த்துக் கொடுத்தார். நாளடைவில் தோள் இளகியது. ஒரு நாள் காலையில் சர்க்கரை டப்பாவை மேல்தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால், அண்ணன் அவர் இடது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தான் செய்ததை அப்புறம்தான் அண்ணி கவனித்தார்.

4

சோதனை நாளில் மருத்துவர் கையைத் தூக்கச் சொன்னார், அண்ணி தூக்கினார். பிறகு பணிமனை மைதானத்தில் காலிப் பேருந்து, பக்கத்தில் மூத்த ஓட்டுநர். மூலை வளைவில் வண்டி வெண்ணெய் போலத் திரும்பியது. தேறிவிட்டீர்கள், இறங்கலாம் என்றார் மூத்தவர்.

"இன்னொரு சுத்து" என்றார் அண்ணி.

5

இனி முடிவு.

பயணிகள் எழுந்து கைதட்ட...

(அவர்களுக்கு எதுவும் தெரியாது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் ஒருவர், ஏன் தாமதம் என்று சிடுசிடுத்தாராம். தன்னை மறுபடி ஓட்டுநராக நினைத்துத் திட்டிய முதல் ஆள் என்று அண்ணிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.)

அதன்பின் நோய் அந்த வீட்டுப் பக்கம் ஒருபோதும்...

(இதை எழுத எனக்கு உரிமையில்லை.)

அண்ணியையே கேட்கலாமென்று நிறுத்தத்துக்குப் போனேன். ஏறுவதானால் ஏறு, படியில் நின்று கதை பேசாதே என்றார். கதவு மூடிக்கொண்டது.

ஆகவே கடைசி வாக்கியம் உங்களுடையது. சீக்கிரம் சொல்லுங்கள். அவர் வண்டியை எடுத்துவிட்டார்.