காலி ப்ரீசரின் சூடு

கடையின் ப்ரீசர்கள் கக்கும் சூடு குழாய் வழியாகப் போய்த்தான் அந்தத் தெருவின் வீடுகள் ஜனவரியில் வெதுவெதுப்பாக இருந்தன. வடக்கே குளிர்நாட்டு அல்ஸ் தீவின் சின்ன ஊர் ஒன்றில், ஊரார் பங்கு போட்டு நடத்தும் கடை அது. பங்கு போட்டதோடு சரி. சாமான் வாங்க எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு நகரத்து மலிவுக் கடைக்குப் போனார்கள். வீங்கிய பைகளோடு அவர்கள் தன் கண்ணாடிக் கதவைக் கடந்து போவதை, கடையை நடத்திவந்த போடில் தினமும் பார்த்தாள். கையாட்டுவார்கள், அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

விற்காத சரக்கை வாங்கி என்ன செய்வது? உறைந்த மீனையும் பட்டாணியையும் வரவழைப்பதை நிறுத்தினாள். காலிப் பெட்டிக்கு மிஷின் அவ்வளவாக உழைக்காது. உழைக்காத மிஷினில் சூடு ஏது? வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஆறிப்போச்சு என்று முதலில் வந்து நின்றவள் எதிர்வீட்டு விபெக்கே.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு விறைச்சுப் போறேன் போடில். என்னன்னு பாரேன்!"

வந்தவள் ஒரு பால் பாக்கெட் கூட வாங்கவில்லை. போடிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தக் குழந்தையின் சிவந்த மூக்கு மனசை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலை வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து ப்ரீசர்களில் அடுக்கினாள். தண்ணீர் உறைய உறைய, அதிலிருந்த சூடெல்லாம் குழாய்க்குப் போனது. உறைந்ததைக் கடைக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினாள். குளிர்காலம் பூராவும் இதே வேலை. ஒருவரும் உள்ளே வராததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

நஷ்டத்தில் ஓடும் கடையை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். காபியோடு வெண்ணெய் தடவிய பன். அந்தப் பன்னும் நகரத்துக் கடையில் வாங்கியதுதான். போடில் எழுந்தாள். உண்மை தெரிந்தால் மனம் மாறுவார்கள், கடை பிழைக்கும் என்று நம்பினாள்.

"உங்க வீட்டுச் சூடு மீனுலேருந்து வரல. நான் தூக்கி வைக்கிற வாளித் தண்ணிலேருந்து வருது. கடைக்கு வாங்க. வாரத்துல ரெண்டு தடவ வந்தாக்கூடப் போதும், பெட்டியில சரக்கு நிறைஞ்சிடும்."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். விபெக்கே கண்ணைத் துடைத்தாள். போடிலுக்கு நெஞ்சு லேசானது.

கடைக் குழுவின் தலைவர் தோர்கில் தாடையைச் சொறிந்தார். "அப்போ சரக்கே இல்லாம மிஷின் ஓடுதுங்கற?"

"ஓடுது. ஓஞ்சுபோனது நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தோர்கில் மட்டும் சிரிக்கவில்லை. "அப்புறம் கடை எதுக்கு? நஷ்டமே சரக்குலதானே. கடைய மூடிட்டு மிஷினை மட்டும் வச்சுக்குவோம். சம்மதம்னா கை தூக்குங்க."

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கைகள் உயர்ந்திருந்தன, விபெக்கேயின் கையும் சேர்த்து. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. தன் வாயாலேயே தன் கடையை மூடிவிட்டிருந்தாள்.

"அது சரி, தினம் வாளி யார் தூக்குறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

இப்போது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"போடிலுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் விபெக்கே, அன்பாகவே.