இடப்பக்கத்துக் கிட்டார்

தணிகாசலத்துக்கும் அவன் மனைவியின் தங்கை ரஞ்சிதத்துக்கும் பன்னிரண்டு வருடமாக ஒரே சண்டை. துளசிங்கத்தின் கிட்டார் எந்தக் காலத்தில் நன்றாக இருந்தது என்பதுதான் அது.

துளசிங்கம் 'மூன்றாம் பிளாட்பாரம்' என்ற சென்னை ராக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். சினிமாப் பக்கம் போகாத குழு. முதல் ஆல்பத்தில் அபி என்ற பெண் பாடினாள். அப்போது அவருடைய கிட்டார் கொதிக்கும் வெல்லப்பாகு மாதிரி கனமாக, ஓரத்தில் லேசாகக் கரகரத்து ஒலிக்கும். அபி விலகி, கதிரவன் பாட வந்த பிறகு வெளியான இரண்டாவது ஆல்பத்தில் அந்த ஒலி இல்லை. கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்பை மாற்றிவிட்டார். கிட்டார் மெலிந்து கூர்மையாகி, வெயிலில் பிடித்த கண்ணாடித் துண்டு போல மின்னத் தொடங்கியது. தணிகாசலம் அபி காலத்து ஆள். ரஞ்சிதம் கதிரவன் காலத்து ஆள்.

அவன் திருத்தணி மலைக்கோயிலில் பக்தர்களுக்கு முடி இறக்குகிறவன். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். மதியம் மலையிலிருந்து இறங்கியதும் அவன் நேராக அந்தக் கடைக்குத்தான் வருவான். டீ வரும். பேச்சும் தொடங்கிவிடும்.

"அது வால்வு ஆம்ப்பு ரஞ்சி. சூடேறி சூடேறி வால்வு களைச்சிப் போயி அழுவுது பாரு, அதான் அந்த சவுண்டு."

"வால்வும் இல்ல ஒண்ணும் இல்ல பாவா. ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்குது. எங்கிட்ட குடுத்திருந்தா பத்து நிமிஷத்துல ஒட்டிக் குடுத்திருப்பேன். ரெண்டாவது ஆல்பத்துலதான் அந்தாளு இன்னா வாசிக்கிறாருன்னே தெரியுது."

"காதுல ஊசி குத்துற மாரி இருக்குது. பேரு வந்துட்டா சவுண்டு பூடும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது தணிகாசலத்துக்கு உண்மையாகவே வலிக்கும். தனக்குச் சொந்தமான எதையோ துளசிங்கம் கேட்காமலே தூக்கிப் போட்டுவிட்டார் என்று அவனுக்கு எண்ணம்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. மலைமேல் பனி இறங்கி, முடி இறக்கும் மண்டபத்துக்கு வெளியே நான்கு படிக்கு மேல் தெரியவில்லை. கூட்டமும் இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போலக் கேட்டது. பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்து சீட்டை நீட்டிவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தார். பாதி நரைத்த முடி முதுகு வரை தொங்கியது.

தணிகாசலம் தண்ணீரை ஊற்றி முடியை நனைத்தான். இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டான். அப்போதுதான் முழங்கால் மேல் இருந்த அவருடைய இடது கையைப் பார்த்தான். விரல் நுனிகள் நான்கும் காய்த்துப் போயிருந்தன. அவை மெல்ல அசைந்துகொண்டும் இருந்தன. குனிந்து முகத்தைப் பார்த்தான். புருவத்துக்கு மேலே மச்சம். வீட்டு பீரோ கதவில் பன்னிரண்டு வருடமாக ஒட்டியிருக்கும் முகம்.

 பிளேடை மாற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு அவருடைய இடது பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்.

"சார்... துளசிங்கம் சாருங்களா?"

பதில் இல்லை. கண்ணை மூடியபடியே இருந்தார்.

உச்சியிலிருந்து கத்தி இறங்கியது. ஈர முடி கற்றை கற்றையாகச் சரிந்து மடியில் விழுந்தது. மேடையில் அந்த முடி பறப்பதை அவன் வீடியோவில் எத்தனை முறை பார்த்திருப்பான்! இப்போது தன் கையாலேயே அதை இறக்குகிறோம் என்பது கனவில் செய்வது போல இருந்தது. இன்னொரு முறை கேட்டான்.

"ஏன் சார் அந்த சவுண்ட மாத்தினீங்க?"

அதற்கும் பதில் இல்லை. பெரிய ஆள், பேசமாட்டார் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டான். முகம் சுண்டிவிட்டது. இடது பக்கத்தை முடித்துவிட்டு வலது பக்கம் நகர்ந்தான். அவரிடம் கேட்பதாக நினைக்காமலே வாய்க்குள் முனகினான்.

"அபி பாடினப்போ இருந்த சவுண்டு இனிமே வரவே வராது."

அவர் தோள் துள்ளியது.

"ஆடாதீங்க சார், கத்தி!"

"இந்தப் பக்கமே பேசுங்க தம்பி," என்றார் அவர். "அந்தக் காது கேக்காது."

தணிகாசலம் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். "எப்பத்துலேந்துங்க சார்?"

"ரெண்டாவது ஆல்பத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒருநாள் காலைல எழுந்தா இடது காது அடைச்சிருந்துச்சு. அப்புறம் தொறக்கவே இல்ல. வலதுலயும் மேல் சத்தம் கொறைஞ்சுகிட்டே வந்துச்சு. பழைய ஆம்ப்ல வாசிச்சா போர்வைக்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கும். அந்த மேல் சத்தத்துக்காக டிரெபிளை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ஏத்திகிட்டே போனேன். கடைசில எனக்குக் கேக்குற மாதிரி ஒரு ஆம்ப் கெடைச்சுது." மடியில் கிடந்த முடியைத் தட்டிவிட்டார். "மத்தவங்களுக்குக் குத்துச்சாமே?"

"இல்லீங்க சார்," என்றான் தணிகாசலம். "எங்க வூட்டுப் பொண்ணு ஒருத்தி அதத் தவிர வேற எதையும் கேக்க மாட்டா."

அவர் சிரித்தார். மீதி முடியும் இறங்கியது.

"மொத ஆல்பத்துல இருந்தது வால்வு ஆம்ப்புங்களா சார்?"

"யாரோ ஒரு ஃப்ரெண்டோடது. தொறந்து பாத்ததே இல்ல." தலையைத் துடைக்கக் கொடுத்தபடியே அவர் தொடர்ந்தார். "காது தொறக்கணும்னு அம்மா இங்க வேண்டிகிட்டாங்க. தொறக்கல. கேக்குற அளவுக்காவது விட்டு வெச்சிருக்கான் இல்ல, அதுக்குப் போய்க் குடுத்துட்டு வான்னு வருஷா வருஷம் சொல்லுவாங்க. இப்பத்தான் வந்தேன்."

தணிகாசலம் அவர் தலையில் சந்தனம் பூசினான். இரண்டு கைகளாலும், ஒரு குழந்தைக்குப் பூசுவது போலப் பூசினான். அவர் எழுந்து, அவன் தோளைத் தட்டிவிட்டுப் பனிக்குள் நடந்தார். மஞ்சள் தலை கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு மறைந்தது.

மதியம் ரஞ்சிதத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையில் சால்டரிங் இரும்பு அப்படியே நின்றது.

"போட்டோ எடுத்தீங்களா?"

"அந்த எடத்துல எப்பிடிம்மா எடுக்கறது?"

அவள் இரும்பைத் தாங்கியில் வைத்தாள். "ஜெயிக்கணும்னு கதை கட்டி அந்தாளயே செவிடாக்கிட்டீங்களே பாவா."

 டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடைப்பக்கம் போகவில்லை. வீட்டில் பழைய ஆல்பத்தைப் போட்டுக் கேட்டான். எப்போதும் போல அது இனித்தது. ஆனால் இந்த ஆல்பம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அந்த மனிதர் எழுந்து, இடது காதைத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சிதம் ஸ்கூட்டியில் மலைக்கு வந்தாள். மண்டபத்துக்கு வெளியே சுவரோரம் நின்று அவனைக் கூப்பிட்டாள். போனை நீட்டினாள். குழுவின் இணையப் பக்கத்தில் வந்த போட்டோவில் மொட்டைத் தலையோடு துளசிங்கம் இருந்தார். லேசாக முடி முளைத்திருந்தது.

"தப்பாப் பேசிட்டேன் பாவா."

"ஆங், சரி வுடு."

"எந்தக் காதுன்னாரு?"

"இடது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.  "இயர்போன் ரிப்பேருக்கு வந்தா ரெண்டாவது ஆல்பத்துல மொத பாட்டத்தான் போட்டுப் பாப்பேன். ஏன் தெரியுமா? அதுல கிட்டாரு முழுக்க இடப்பக்கம்தான் இருக்குது, மத்ததெல்லாம் வலப்பக்கம். இடது வேலை செய்யலன்னா உடனே தெரிஞ்சிடும்."

தணிகாசலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவளைப் பார்த்தான்.

"அவருக்குக் கேக்காத பக்கமாவா வெச்சாரு?"

"ஆங். வேணும்னு வெச்சாரோ, தெரியாம வெச்சாங்களோ, யாருக்குத் தெரியும்."

இயர்போனின் இடதை அவன் காதில் வைத்தாள். வலதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பாட்டு ஓடியது. அவளுக்குக் கதிரவனின் குரலும் டிரம்ஸும் மட்டும் கேட்டிருக்க வேண்டும். அவனுக்குக் கிட்டார் மட்டும் வந்தது. பன்னிரண்டு வருடமாக ஊசி என்று ஒதுக்கிய ஒலி பாட்டு இல்லாமல் தனியாக வந்தபோது வேறாக இருந்தது. பனிக்குள் போய்விட்ட ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போல, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உயரமாக, இன்னும் கொஞ்சம் தெளிவாக. தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டான். மண்டபமும் படிகளும் சுவரும் எங்கோ நழுவிப் போயின.

பாட்டு முடிந்தது. "இன்னொரு தபா போடு," என்றான்.

மூன்று முறை கேட்டார்கள். ரஞ்சிதம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அபி காலம் அபி காலம்தான்."

"மூணாவது ஆல்பம்?"

"அத எடுக்காத. அதுல ஆம்ப்பே இல்ல, எல்லாம் கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டர்னா இன்னா? நாலாவது பாட்டு நடுவுல ஒண்ணு வாசிச்சிருப்பாரு, கேட்டீங்களா நீங்க?"

"கேக்கல."

"கேக்காமயே பேசறீங்க!" அவள் போனில் தேடத் தொடங்கினாள். உள்ளே சீட்டோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். தணிகாசலம் அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, இன்னும் ஒரு பாட்டுக்கு நின்றான்.